கதவுக்குப் பின்னால் தொங்கிய ஜீன்ஸ்

ஊறிய ஜீன்ஸைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதை மற்றத் துணிகளோடு சேர்க்க முடியாது. வாளியிலிருந்து எடுக்கும்போதே தோள்பட்டை இறங்கும். பிழியவும் வராது. ஒரு காலை மொட்டைமாடிக் குழாயில் மாட்டிக்கொண்டு இன்னொரு காலை முறுக்கினால் கொஞ்சம் தண்ணீர் வெளியே வரும். மீதி என் நைட்டியில் வடியும். பிரசவத்தின்போது வயிற்றைக் கிழித்துத் தைத்த இடம் அப்போது சுள்ளென்று இழுக்கும். பிரசவத்துக்கு முன்பும் இந்தக் கனம்தான்; அதனால், ஜீன்ஸை அடிக்கடி துவைக்கக் கூடாது என்று என் கணவர் சொன்னபோது நான் எதிர்த்துப் பேசவில்லை. உள்ளூரச் சந்தோஷப்பட்டேன் என்றே சொல்ல வேண்டும்.

அவருக்கு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின்களைப் பழுதுபார்க்கும் வேலை. எங்கள் பக்கத்துத் தண்ணீரில் உப்பு அதிகம். அதனால் வேலைக்குக் குறைவில்லை. காலையில் திண்டிவனத்தில் பைக்கைக் கிளப்பினால் விக்கிரவாண்டி, விழுப்புரம், அனந்தபுரம் என்று வெயிலிலேயே பொழுது போகும். யார் வீட்டுச் சமையலறையிலாவது ஈரத் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்திருப்பார். மேலே போட கம்பெனி டி-ஷர்ட் கொடுத்துவிடும். பேண்ட் அவரவர் இஷ்டம். அவரிடம் இருந்தது இரண்டு ஜீன்ஸ். ஒன்று கருநீலம், ஒன்று கறுப்பு.

"ஜீன்ஸெல்லாம் சும்மா சும்மா தொவைக்கக் கூடாது. கலர் பூடும், சுருங்கிடும். மாசத்துக்கு ஒரு தபா போதும்" என்றார், கல்யாணமான புதிதில்.

"வேர்வை நாத்தம் அடிக்காதா?"

"காத்தாட மாட்டி வச்சா போயிரும். வெளிநாட்ல ஃப்ரீசர்ல வைக்கிறானுங்களாம். கிருமியெல்லாம் செத்துருமாம்."

அப்போது ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் இதைக் கேட்டு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னாது? கால்ல போட்றத சோறு வைக்கிற பொட்டியிலயா? வச்சித்தான் பாரேன், பொட்டியோட தூக்கி வெளிய போட்றேன்."

ஃப்ரீசர் யோசனை அத்தோடு நின்றது. ஆனால் மற்ற விதிகள் நிலைத்தன. துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்ப வேண்டும். பச்சைத் தண்ணீர்தான். பிரஷ் போடக் கூடாது. வாஷிங் மெஷின் கூடவே கூடாது. இடுப்புப் பக்கம் கிளிப் போட்டு நிழலில் காயவைக்க வேண்டும். எதையும் அப்படியே ஒப்புக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை, வேதியியலில் எம்.எஸ்சி. படித்தவள். போனில் தேடிப் பார்த்தேன். பாதிக்கு மேல் அவர் சொன்னதையேதான் சொன்னது. சாயம் நூலின் மேற்புறத்தில்தான் ஒட்டியிருக்கும், ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் உதிரும் என்று படித்தபோது, அது பாடத்தில் வந்ததுதானே என்று தலையாட்டிக்கொண்டேன். அதை எழுதியவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள், அங்கே சித்திரை வெயில் உண்டா, அவர்கள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ரெக்சின் சீட்டில் உட்காருகிறார்கள் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை.

ஆக, ஜீன்ஸ் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. காலையில் அங்கிருந்து அவர் காலுக்குப் போகும். மாலையில் அவர் காலிலிருந்து அங்கே வரும்.

பாப்பாவுக்கு ஐந்து மாதம் முடிந்து விழுப்புரத்தில் என் அம்மா வீட்டிலிருந்து திண்டிவனம் வந்தேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியாரும் எங்களோடு வந்து தங்கினார். மாமனார் ஊரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லையைப் பார்த்துக்கொண்டு தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார். தினமும் போனில் உப்பு எவ்வளவு போடுவது என்று கேட்பார். மாமியார் கெட்டவர் இல்லை. பாப்பாவைக் காலில் போட்டு அவர் குளிப்பாட்டும் அழகு எனக்கு வராது. ஆனால் துணி விஷயத்தில் அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. குழந்தைத் துணியைப் பெரியவர்கள் துணியோடு ஊறவைக்கக் கூடாது. அதைவிட முக்கியம், பொழுது சாய்வதற்குள் கொடியிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

"பொழுது சாஞ்சிதுன்னா பட்சி பறக்கும்மா. அதோட எச்சமோ நெழலோ கொழந்த துணி மேல பட்டா ஒடம்புக்கு ஆவாது."

நான் எடுத்துவிடுவேன். நம்பினேனா என்று கேட்டால் தெரியாது. எடுக்காமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

மாலையில் பைக் சத்தம் கேட்டால் பாப்பா என் இடுப்பிலிருந்து தாவும். அவர் வந்ததும் நாற்காலியில் உட்காருவார். பேண்டை மாற்றிவிட்டு வருவதற்குள் அவள் அழுதுவிடுவாள் என்பதால் அப்படியே வாங்கித் தொடை மேல் உட்காரவைத்து, "ஆனை ஆனை" என்று ஆட்டுவார். வெயில் காலம். பாப்பாவுக்கு ஜட்டிகூடப் போடாமல் வெறும் சட்டையோடுதான் விட்டிருப்போம். எனக்கு ஒரு நாளில் கை காலியாக இருப்பது அந்தப் பத்து நிமிடம்தான். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பாப்பாவின் வலது தொடையின் உள்பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி வந்தபோது அவளுக்கு எட்டு மாதம் நடந்துகொண்டிருந்தது. டயப்பர் உரசியிருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். புள்ளி பெரிதாகி வட்டமாயிற்று. நடுவில் தெளிந்து ஓரம் மட்டும் சிவந்து தடித்தது. பாப்பா தூக்கத்தில் தொடையைத் தொடையோடு உரசிச் சிணுங்கினாள்.

மாமியார் அதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"அக்கி. அக்கியேதான். நான் சொன்னன்ல, துணிய பொழுதோட எடுன்னு? அன்னிக்கி எடுக்காம உட்டுட்டியே."

அன்றைக்கு என்று அவர் சொன்னது முந்தின வாரத்தில் ஒரு நாள். ஜீன்ஸ் துவைக்கும் முறை அன்று வந்தது. இரண்டையும் ஒன்றாக ஊறவைத்திருந்தேன். போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. நுரைத்தால் அலசப் போகாது. அலசி, முறுக்கி, நிழலில் கிளிப் போட்டு முடித்தபோது பாப்பா எழுந்து வீறிட்டாள். கீழே ஓடினேன். குழந்தைத் துணி கொடியிலேயே கிடந்தது. விளக்கு வைத்த பிறகு மாமியார் மேலே போய் எடுத்துவந்தார், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொன்னார்.

படித்தவள், பட்சியின் நிழலால் தோலில் வட்டம் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மாலையை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். முதலில் குழந்தைத் துணியை எடுத்துவிட்டு அப்புறம் ஜீன்ஸை அலசியிருக்கலாமே. ஐந்து நிமிட வேலை. ஏன் செய்யவில்லை?

டாக்டரிடம் போகலாம் என்று அவரிடம் சொன்னேன். வழக்கமாகப் பாப்பா தும்மினால்கூட பைக் சாவியை எடுப்பவர், அன்று இழுத்தார்.

"அம்மா சொல்றத ஒரு தபா செஞ்சி பாத்துருவமே. அப்பால போலாம்."

"நீங்களா பேசறீங்க?"

"பெரியவங்க மனசும் இருக்குதுல்ல."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது வேறெதுவும் தோன்றவில்லை. எல்லோரும் சேர்ந்து சொன்னால் நான்தான் தவறோ என்று நினைப்பது என் வழக்கம்.

திருவக்கரைப் பக்கம் ஒரு ஊரில், மண்பானை செய்யும் குடும்பத்தில் அக்கி எழுதுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன் போனோம். நடுத்தர வயது அம்மா ஒருவர் காவிக்கல்லைக் குழைத்துக் கோழி இறகால் பாப்பாவின் தொடையில் சிங்கம் வரைந்தார். கூச்சத்தில் பாப்பா சிரித்தாள். சிங்கத்தின் வால் முழங்கால்வரை போயிற்று. "மூணு நாளைக்குத் தண்ணி படக்கூடாது. ஆத்தாவுக்கு கருவாடு, கத்தரிக்கா வேணாம்" என்றார். தாய்ப்பால் கொடுக்கிறவள் நான். அதனால் எனக்குப் பத்தியம்.

மூன்று நாள் குழந்தையைக் குளிப்பாட்டவில்லை. கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. மடிப்புகளில் வேர்வை கோத்துப் பாப்பா நசநசவென்று இருந்தாள். பசித்தாலும் பாலுக்கு வாய் வைக்காமல் அழுதாள். மாமியாரும் நானும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு நடந்தோம். அந்த மூன்று நாளில் நாங்கள் சண்டை போடவில்லை. அதற்கான தெம்பு இருவருக்கும் இல்லை. நான்காம் நாள் காவியைக் கழுவியபோது சிங்கம் போயிற்று. வட்டம் இருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு சிறிய வட்டங்கள் வந்திருந்தன. ஒன்று இடது தொடைக்குத் தாவியிருந்தது.

"எழுதுன அன்னிக்கி நீ இன்னா தின்ன?" என்று மாமியார் கேட்டார்.

"ரசம் சோறுதான் அத்தை. நீங்கதான போட்டீங்க."

"அப்ப இன்னாத்துக்கு இப்டி ஆவுது?" என்று அவர் என்னிடமும் இல்லாமல் தன்னிடமும் இல்லாமல் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

ஜீன்ஸ் துவைக்கும் முறை மறுபடி வருவதற்கு நாள் இருந்தது. ஆனால் விக்கிரவாண்டியில் ஒரு ஓட்டலில் மெஷினைக் கழற்றும்போது அழுக்குத் தண்ணீர் முழுவதும் மேலே கொட்டிவிட்டதாம். "இத மட்டும் போட்று. பிரஷ் போடாத" என்று கருநீலத்தைக் கொடுத்துவிட்டுக் கறுப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஊறவைப்பதற்கு முன் பாக்கெட்டுகளைத் துழாவுவேன். இல்லாவிட்டால் திருகாணியோ வாஷரோ கையைக் கிழிக்கும். அன்று பின் பாக்கெட்டில் ஒரு களிம்பு டியூப் வந்தது. அடிவரை சுருட்டிப் பிதுக்கிய டியூப். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததைப் படித்தேன். பூஞ்சைக்கு ஒரு மருந்து. கூடவே ஒரு ஸ்டீராய்டு. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற வகை. பிறகு, அவருடைய விதிப்படி, ஜீன்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினேன்; மற்ற மாதங்களில் அவரே திருப்பித் தருவார், அன்று அவசரத்தில் விட்டிருந்தார். தொடைகள் சேரும் இடத்தில், தையலை ஒட்டி, களிம்பு வெள்ளையாகக் காய்ந்து அப்பியிருந்தது. அதில் தோல் செதில்களும் ஒட்டியிருந்தன.

துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கோபம் உடனே வரவில்லை. முதலில் வந்தது நிம்மதி என்றால் நம்புவீர்களா? துணியை எடுக்காமல் விட்டதால் வரவில்லை. நான் தின்றதால் வரவில்லை. அதன் பின்னால்தான் அந்த நாற்காலியும், வெறும் காலோடு அந்தத் தொடை மேல் உட்கார்ந்து ஆடும் பாப்பாவும் கண்முன் வந்தார்கள். கூடவே நானும் வந்தேன், சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டு.

அன்று மாலை நேராக மாடிக்கு வரச் சொல்லி போன் செய்தேன். மேலே வந்தவரிடம் டியூபை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"வேர்க்குருன்னு நெனச்சன்" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"மழைல நனைஞ்சிகினு சுத்தனன்ல, அப்பலேர்ந்து. இது போட்டா அடங்குது. உட்டா திரும்ப வருது."

"டாக்டர்கிட்ட போறதுக்கு இன்னா?"

"எங்க காட்டச் சொல்ற? அந்த எடத்த போயி..."

"பாப்பாவுக்கு வந்துருக்குதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு அந்த நிமிடம்வரை அது தோன்றவில்லையா, தோன்றியும் தள்ளிவைத்திருந்தாரா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. கேட்கவும் இல்லை. "பாப்பாவுக்கு வந்தது அக்கின்னு அம்மா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். கொடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த தன் ஜீன்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாளைக்கே போலாம். விழுப்புரத்துல தோல் டாக்டர் இருக்காங்க. நானே லீவு போட்டுட்டு வர்றேன்" என்றார். படியில் இறங்கப் போனவர் திரும்பினார். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிராத."

"ஏன்?"

"அந்த எடத்துல படர்தாமரைன்னா அவங்க வேற மாதிரி நெனப்பாங்க. ஊர் ஊரா சுத்தறவன், எங்க போய் இன்னா பண்ணிகினு வந்தானோன்னு. பேஜாரா பூடும்."

சரி என்றேன். சொல்லும்போதே, என் மேல் போட்ட பழியும் அப்படியே கிடக்கும் என்று தெரிந்தது. இருக்கட்டும், பாப்பாவுக்குச் சரியானால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு களைப்பாக இருந்தேன். நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவும் தெம்பு வேண்டும்.

மாமியாரை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தோம். அவர் எங்களுக்கு முன்பே தலை சீவி, பையில் பாப்பாவின் மாற்றுத் துணியை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "டாக்டரு இன்னா சொல்றாங்கன்னு நானும் கேக்க வேணாமா? நீங்க ரெண்டு பேரும் பாதிய முழுங்கிட்டு சொல்லுவீங்க."

பஸ்ஸில் விழுப்புரம் போனோம். டாக்டர் ஒரு பெண். எங்கள் வயதுதான் இருக்கும். பாப்பாவின் தொடையை ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்ததும் சொல்லிவிட்டார், படர்தாமரை என்று. பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் சீக்கிரம் பரவும் என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்:

"வீட்ல வேற யாருக்காவது அரிப்பு, வட்டம் மாதிரி இருக்கா?"

என் கணவர் சுவரில் மாட்டியிருந்த தோலின் படத்தைப் பார்த்தார். மாமியார் என்னைப் பார்த்தார். பாப்பா டாக்டரின் மேஜைமேல் இருந்த மணியைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. குழந்தைக்கு இது தானா வராது. குடுத்தவங்களுக்கு மருந்து போடலேன்னா, இவளுக்கு எவ்வளவு போட்டாலும் திரும்ப வந்துக்கிட்டேதான் இருக்கும்."

"இல்ல மேடம். யாருக்கும் இல்ல" என்றார் என் கணவர்.

எனக்கு அவரை அங்கே வைத்து அவமானப்படுத்தும் எண்ணம் இல்லை. முந்தின நாள் சரி என்று சொன்ன வாய்தான் இது. ஆனால் டாக்டர் மருந்துச் சீட்டில் பாப்பாவின் பெயரை மட்டும் எழுதத் தொடங்கினார். வீட்டுக்குப் போனால் அதே மாலை, அதே நாற்காலி.

"இவருக்கு இருக்குது மேடம்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "ரொம்ப மாசமா. கடையில களிம்பு வாங்கிப் போட்டுக்கினு இருந்தாரு."

கைப்பையிலிருந்து டியூபை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இன்னாது?" என்றார் மாமியார்.

டாக்டர் டியூபைத் திருப்பிப் பார்த்தார். "இது அரிப்பை மட்டும் அடக்கும். பூஞ்சை உள்ள நல்லா வளரும். எந்த இடத்துல? தொடை இடுக்கா? ஜீன்ஸ் போடுவீங்களா?"

"ஆமா மேடம்."

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை துவைப்பீங்க?"

"மாசத்துக்கு ஒரு தபா." பிறகு, தன் பக்கம் ஒரு நியாயம் இருப்பதுபோல, "ரெண்டு வச்சிருக்கன் மேடம். மாத்தி மாத்தி" என்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வேலைக்கு பைக்லயா போறீங்க? வேர்வை காயாம அதையே மறுநாளும் போட்டா பூஞ்சைக்கு வாடகை இல்லாம வீடு குடுத்த மாதிரி. திரைக்குப் பின்னாடி போங்க, பார்க்கறேன்."

அவர் காது சிவந்து போய் எழுந்து போனார். டாக்டரும் பின்னால் போனார். நான் மாமியார் பக்கம் திரும்பவில்லை. இப்போது கேட்பார், வீட்டுக்குப் போய்க் கேட்பார், மாமனாரையும் போனில் வைத்துக்கொண்டு கேட்பார் என்று நினைத்துக்கொண்டு பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். என் முந்தானை நுனி மெல்ல இழுபட்டது.

"ஏம்மா."

"சொல்லுங்க அத்தை."

"எனக்கும் பாவாட நாடா கட்ற எடத்துல அரிச்சிகினேதான் இருக்குது."

திரும்பிப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தபடி உதட்டை அசைக்காமல் பேசினார். "எப்பலேர்ந்து அத்தை?"

"அது இருக்கும் ரொம்ப நாளா. நாடா கறைன்னு நெனச்சிகினு வேப்பெண்ண போட்டன். நீயே சொல்லிரு டாக்டருகிட்ட. அவன் வர்றதுக்குள்ள சொல்லு, ஜல்தி."

அவர் வருவதற்குள் சொல்ல முடியவில்லை. மூவரும் இருக்கும்போதுதான் சொன்னேன். என் கணவர் தன் அம்மாவைப் பார்த்தார், அவர் மகனைப் பார்த்தார். இருவரும் உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாமியாரையும் திரைக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்து, என் கைகளையும் இடுப்பையும் பார்த்தார். எனக்கு ஒன்றும் இல்லை. அதில் எனக்கு நிம்மதி வரவில்லை; சரியாகப் பார்த்தாரா என்று சந்தேகம்தான் வந்தது.

"யார்கிட்டேர்ந்து யாருக்கு வந்துச்சு மேடம்?" என்று கேட்டேன். பாப்பாவை மாமியார் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதையும் சொன்னேன்.

"அது தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? மூணு பேருக்கும் ஒண்ணா மருந்து. ஒருத்தர் விட்டாலும் சுத்தி வரும். வட்டம் மறைஞ்ச பிறகும் நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது." பிறகு துணிக்கு வந்தார். ஒரு முறை போட்டதைத் துவைக்காமல் மறுமுறை போடக் கூடாது. வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். உள்பக்கத்தைத் திருப்பி வெயிலிலேயே காயப்போட வேண்டும், நிழலில் அல்ல. பாக்கெட், தையல் எல்லாம் முழுக்கக் காய்ந்த பிறகு உள்பக்கம் இஸ்திரி போட வேண்டும். குழந்தையின் துணி தனி. "கொஞ்ச நாளைக்கு ஜீன்ஸே வேண்டாம். காட்டன் பேண்ட் போடுங்க."

"சாயம் போயிராதா மேடம், வெந்நீர்ல?" என்று என் கணவர் கேட்டார். கேட்டுவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

பஸ்ஸில் மாமியார் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார். மயிலம் தாண்டிய பிறகு ஒரே ஒரு தடவை பேசினார். "அது வேற, இது வேற. கொழந்த துணிய பொழுதோட எடுத்துரு." நான் சரி அத்தை என்றேன்.

உண்மை வெளியே வந்தால் பாரம் குறையும் என்பார்கள். எங்கள் வீட்டில் துணி கூடிற்று. மூன்று பேர் உடுத்தியது, படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாமே தினமும். ஹீட்டர் ராடைப் போட்டு வாளி வாளியாக வெந்நீர். அந்த முதல் நாள் இரண்டு ஜீன்ஸையும் வெந்நீரில் போட்டபோது தண்ணீர் ஊதா மசி கலந்ததுபோல் ஆனது. அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். "நானே தொவைக்கிறன், நீ போ" என்றார். பிரஷ்ஷை அவரே எடுத்தார். ஒரு வாரம் காலையில் தன் துணியை அவரேதான் துவைத்தார். மாமியாருக்குத்தான் பொறுக்கவில்லை. "ஆம்பள மாடில நின்னு தொவைச்சிகினு இருக்கறத எதுத்த வூட்டுக்காரி வேடிக்க பாக்கறா" என்று அடிக்குரலில் சொல்லிக்கொண்டே, அவர் பிழிந்து போட்டதைக் கொடியில் விரித்துக் கொடுத்தார். அடுத்த வாரம் என் கணவருக்குக் காலையில் சீக்கிரமே அழைப்புகள் வந்தன. வாளி என்னிடம் வந்தது. நான் கோபப்படலாமா, கூடாதா என்று யோசித்துக்கொண்டே துவைத்தேன். குழந்தைக்காக என்று ஆன பிறகு எதற்கும் கோபப்பட முடிவதில்லை.

களிம்பு போடும் நேரம் மட்டும் வீட்டில் ஒரு ஒழுங்கு வந்தது. குளித்துவிட்டு அவர் ஓர் அறைக்குள் போவார், மாமியார் இன்னொன்றுக்குள். நான் பாப்பாவைப் பாயில் போட்டுக்கொள்வேன். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. "போட்டாச்சா?" என்று நான் பொதுவாகக் குரல் கொடுப்பேன். இரண்டு கதவுக்குப் பின்னாலிருந்தும் "ஆச்சி" என்று வரும்.

பாப்பாவின் வட்டங்கள் ஓரம் அமுங்கி, பொடி உதிர்ந்து, மெல்ல வெளிறின. சிணுங்கல் நின்றது. கடைசியாகப் போனபோது டாக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டு, போய்விட்டது, ஆனால் இன்னும் கொஞ்ச நாள் தடவுங்கள் என்றார். என் கணவருக்கும் மாமியாருக்கும் அப்படியே. எழுந்திருக்கும்போது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"ஜீன்ஸ் போடலாமா மேடம்?"

"போடுங்க. போட்ட அன்னிக்கே தண்ணில போயிடணும். அதோட குழந்தையைத் தூக்கக் கூடாது."

இந்த வாரம் கருநீலத்தைப் போட்டுக்கொண்டு போனார். முழங்காலும் தொடையும் வெளுத்திருந்தன; இடுப்பு கொஞ்சம் இறுக்கமாகியிருந்தது. நாள் முழுவதும் அதே நினைப்பாக இருந்தேன். மாலையில் பைக் சத்தம் கேட்டது. பாப்பா என் இடுப்பிலிருந்து முழு உடம்போடும் தாவினாள். இப்போது அவளுக்குக் கனமும் கூடியிருக்கிறது. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு கையையும் நீட்டிவிட்டார்.

நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

அவர் கை அப்படியே நின்றது. பிறகு இறக்கிக்கொண்டார். "இரு கண்ணு, தோ வந்துர்றன்" என்று குளியலறைக்குள் போனார். பாப்பாவுக்கு அது புரியவில்லை. கதவைப் பார்த்து வீறிட்டாள். நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தமும் வாளி நகரும் சத்தமும் கேட்டன. "அதுக்குள்ள கொழந்த நீலம் பாரிச்சி பூடும் போல. ஒரு நிமிசம் தூக்குனா இன்னா ஆயிரும்?" என்று மாமியார் அடுப்படியிலிருந்து கேட்டார். ஒரு நிமிடம் தூக்கினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியவில்லை. ஒன்றும் ஆகாமலும் போகலாம்.

அவர் கைலி கட்டிக்கொண்டு ஈரக் காலோடு வந்து பாப்பாவை வாங்கினார். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்து ஆட்டினார். அவள் விக்கி விக்கிச் சிரிக்கத் தொடங்கினாள். நான் அவர்கள் முன்னால் தரையில் மண்டி போட்டு, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, பாப்பாவின் தொடையைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இன்னொரு தொடையையும் பார்த்தேன். அதிலும் இல்லை. ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னேன். அவர் நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்தார்.